அடுத்தவர் மாளிகை

இந்திரப்பிரஸ்தத்தில் தருமபுத்திரர் இராஜசூய யாகம் செய்தபோது, அரசர்கள் கொண்டுவந்த காணிக்கைகளை வாங்கிவைக்கும் பொறுப்பு துரியோதனனிடம் இருந்தது. வாங்கி வாங்கிக் கை சோர்ந்தது, மனம் வெந்தது. மயன் கட்டிய மண்டபத்தில் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கினான்; தண்ணீரைத் தரை என்று எண்ணி விழுந்தான். கண்டவர்கள் சிரித்தார்கள். ஊர் திரும்பியவனுக்கு உணவு இறங்கவில்லை. என்ன குறை என்று தந்தை கேட்டார். குறை ஒன்றும் இல்லை. பிறரிடம் நிறைவு இருந்ததே அவனுக்குக் குறையாகிவிட்டது. சூதாட்டத்தில் தொடங்கியது குருக்ஷேத்திரத்தில் முடிந்தது.

வளைகுடாவில் பிழைக்க வந்தவர்களுக்கு அந்த மாளிகை தினமும் கண்ணில் படுகிறது. ஒரே ஊர், ஒரே பள்ளி. ஒருவர் துபாயில் குடும்பத்தோடு ஃபிளாட்டில் வசிக்கிறார், மற்றவருக்குக் கிடைத்தது அடுக்குக் கட்டிலில் ஓர் இடம். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். அந்த வருமானம் இல்லாதவர், விடுமுறை நாளில் பிள்ளையின் கைபிடித்து நடக்கும் நண்பரைக் கண்டால் மனம் கலங்கத்தான் செய்யும். அது ஏக்கம்; அதில் தவறில்லை. 'எனக்கும் வேண்டும்' என்பது ஏக்கம். 'அவனுக்கு ஏன்?' என்பது பொறாமை.

பொறாமை வந்தால் சூதாட்டமும் வரும். இங்கே அதற்குக் கடன் என்று பெயர். நண்பரின் காருக்கு ஈடாகக் கார், அவர் வீட்டுத் திருமணத்துக்கு ஈடாக ஊரில் திருமணம். 2022 ஜனவரியில் சட்டம் மாறும்வரை, பணமின்றித் திரும்பிய காசோலை இங்கே ஒருவரைச் சிறை வாசலில் நிறுத்தக்கூடியதாக இருந்தது. இன்றும் கடன் கடன்தான்.

குசேலரும் ஒரு மாளிகையைப் பார்த்தார். ஒரே குருகுலத்தில் படித்த நண்பன் துவாரகையில் மன்னன். தன் கையில் இருந்ததோ கிழிந்த துணியில் முடிந்த அவல். அவர் கண்ணனை வெறுக்கவில்லை. கண்ணனும் எழுந்து ஓடிவந்து அவர் பாதத்தைக் கழுவினார். உயர்ந்தவருக்கும் அதில் பாடம் உண்டு.

நண்பர் முன்னேறியிருந்தால், எப்படி முன்னேறினார் என்று அவரிடமே கேட்கலாம். மாலை வகுப்பா, ஓட்டுநர் உரிமமா, பத்தாண்டுச் சிக்கனமா என்று தெரியவரும். கேட்டவருக்கு வழி கிடைக்கும். சொன்னவருக்கு நட்பு நிலைக்கும்.

சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரின் சம்பளம் யாருக்கும் தெரிவதில்லை. வாசலில் செருப்பை மாட்டிய பிறகும் அந்த நினைவு கொஞ்சம் மிஞ்சினால் போதும்.