தொல்காப்பியப் பூங்காவுக்கு மாணவர் களப்பயணம்

தொல்காப்பியப் பூங்கா சென்னையில் அடையாறு கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ள சூழலியல் பூங்காவாகும். அடையாறு பூங்கா என்பது இதன் பழைய பெயர். குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு 2011 சனவரியில் திறக்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் கல்வி அளிப்பது இதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

வடசென்னையின் வள்ளூர், எண்ணூர்ப் பகுதி நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இப்பயணம் கூடுதல் பயன் தரும். கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் அவர்களுக்கு அருகிலேயே உள்ளது. அங்கும் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து சதுப்பு தூர்ந்துவருகிறது. கெட்டுப்போன கழிமுகத்தை மீட்க முடியும் என்பதை அடையாற்றில் அவர்கள் நேரில் காணலாம்.

ஐம்பது பெயர்ப்பலகைகளைப் பார்த்து எழுதிவருவதில் பெரிய பயன் இல்லை. வெண்கண்டல் ஒன்றின் அருகே அரைமணி நேரம் நின்றாலே போதும். சேற்றில் ஆக்சிசன் குறைவு என்பதால் இதன் மூச்சுவேர்கள் பென்சில்களை நட்டுவைத்தாற்போல் மேல்நோக்கி நீள்கின்றன. அவற்றிலுள்ள நுண்துளைகள் வழியே காற்று உள்ளே செல்கிறது. வேர் உறிஞ்சும் உப்பில் ஒரு பகுதியை இலைச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. மழையில்லா நாளில் இலைமேல் உப்புப் பொடியைக் காணலாம். ஏழாம் வகுப்பு மாணவருக்கு இதை விளக்கப் படம் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. திரும்பிய மறுவாரம் எண்ணூரில் அதே மரத்தைத் தேடி, மூச்சுவேர்கள் வெளியே தெரிகின்றனவா, சாம்பலில் புதைந்துள்ளனவா என்று அதே குறிப்பேட்டில் எழுதலாம். அங்கே சேறு ஆழமானது; கரையில் நின்றே பார்க்க வேண்டும்.