கூலி உயர்வும் சில்லறை விலையும்

அரிசியின் சில்லறை விலை ஏறும்போதெல்லாம், ஆட்கூலி ஏறியதே அதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கமாயிருக்கிறது. இக்கூற்று முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. கூலி இவ்வளவு ஏறினால் விலை எவ்வளவு ஏறவேண்டும், அந்த ஏற்றம் யாரைச் சேருகிறது என்பவற்றைக் கணக்கிட்டறிதல் நிலமுடையோர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

2025-26ஆம் ஆண்டுப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு இந்திய அரசாங்கத்தார் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். சர்க்கார் கொள்முதலில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி என்பது கணக்கு. ஆகவே ஒரு கிலோ அரிசியில் அடங்கிய நெல்லின் கிரயம் மட்டும் ஏறக்குறைய 34 ரூபாய் 84 பைசா ஆகிறது. இதில் தவிடு, உமி விற்ற தொகையைக் கழித்து, வண்டிச் சத்தம், ஏற்றுகூலி, இறக்குகூலி, அரைவைக் கூலி, சாக்கு, தரகு, கடை வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், வட்டி முதலியவற்றைக் கூட்டினால் சில்லறை விலை விளங்கும்.

இனி, ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு ஆகும் கூலி 34 ரூபாய் அதிகரித்ததாக வைத்துக்கொள்வோம். அதை 68 கிலோ அரிசிக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 50 பைசாவே ஆகும். ஆனால் அரிசி மூன்று கை மாறி, ஒவ்வொருவரும் தம் கொள்முதலின்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் சேர்ப்பார்களானால், அந்த 50 பைசா முறையே 55, 60½ ஆகி, முடிவில் 66½ பைசாவாக வளரும். அதற்கும் மேலே கிலோவுக்கு 3 ரூபாய் ஏறியிருந்தால், அதை இக்கூலியின் தலையில் சுமத்துவது நியாயமன்று. வரத்துக் குறைவு, பதுக்கல், மற்றச் செலவுகள் ஆகியவற்றில் காரணத்தைத் தேடவேண்டும்.

கடைக்காரருக்குச் செலவு ஏறினால், அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் அது ஏறியிருக்குமாதலால், பெரும்பாலும் விலையில் சேர்த்துவிடக் கூடும். விவசாயிக்கோ அவ்வசதி இல்லை. ஓர் ஏக்கரில் நடவு, களையெடுப்பு, அறுவடைக் கூலி 2,000 ரூபாய் ஏறி, கண்டுமுதல் 20 குவிண்டாலானால், குவிண்டாலுக்கு 100 ரூபாய் செலவு கூடுகிறது. அதை அவர் மண்டியில் கேட்டுப் பெற இயலாது. ஆதரவு விலையும் பொதுவான சராசரிச் செலவைக் கொண்டே நிர்ணயமாகிறது. 2025-26இல் அச்செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாயென்று கொள்ளப்பட்டது. தம் நிலத்தின் செலவு அதற்கு மேற்பட்டால், அந்த வித்தியாசம் அவருடைய லாபத்திலேயே குறையும்.

இதற்குக் கூலியைக் குறைப்பது பரிகாரமாகாது. கூலியாளும் அரிசி வாங்கி உண்பவரே. ஊரில் கூலி போதாவிட்டால் அவர் பட்டணம் சென்றுவிடுவார், நடவு பிந்தும். ஆகையால் விவசாயிகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஆன ஆட்களையும் கூலியையும் அன்றன்றே கணக்குப் புத்தகத்தில் எழுதிவருதல். எழுதாத செலவைக் குறைக்க வழியில்லை. இரண்டாவது, நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம் ஆகியவற்றைத் தனித்தனியே அமர்த்தாமல், அடுத்தடுத்த நிலத்தார் ஒன்றுசேர்ந்து ஒரே முறையில் அமர்த்துதல். மூன்றாவது, இடைக் கைகளைக் குறைத்தல். காய்கறி பயிரிடுவோருக்கு, 1999இல் மதுரையில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தை இதற்கு வழிகாட்டியது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் பங்குண்டு. கொள்முதல் நிலையத்துக்கு வேண்டிய அடங்கல் நகல் தாமதித்தால், நெல் களத்தில் கிடந்து காவற்கூலியும் ஈரச்சேதமும் சேரும். விவசாயி கிடைத்த விலைக்குத் தனி வியாபாரியிடம் விற்க நேரும். அறுவடைக்கு முன்பே பயிரைப் பார்வையிட்டுக் கணக்கை முடித்துவைத்தால், அந்த நஷ்டம் குடியானவரை அணுகாது.