வெயிலைத் தேடிப் போனவர்கள் வீடு திரும்புகிறார்கள்

2018-இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியபோது சார்லஸ் பெட்டிக்கு வயது 95. அந்தத் தள்ளாத வயதில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள்: ஓய்வுக்காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று ஸ்பெயினுக்குப் போன பிரிட்டிஷ் முதியவர்கள், பல வருடம் கழித்து ஏன் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்? பெட்டியும் ஸ்பெயினில் வாழ்ந்து திரும்பியவர்தான். அதனால் அது அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

பிரிட்டிஷ்காரர்கள் வெளியே போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1960-களில் மலிவான சுற்றுலாப் பயணங்கள் வந்தன. மழையிலும் மூடுபனியிலும் வளர்ந்தவர்கள் பெனிடோர்ம், டோரெமோலினோஸ் கடற்கரைகளில் முதல்முறையாக நல்ல வெயிலைக் கண்டார்கள். 1986-இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. 90-களில் குறைந்த கட்டண விமானங்கள் பறக்கத் தொடங்கின. பர்மிங்காமிலோ மான்செஸ்டரிலோ இருந்த சாதாரண வீட்டை விற்றால் அலிகாந்தே மாகாணத்தில் நீச்சல்குளத்தோடு ஒரு வில்லா வாங்கிவிடலாம், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். 2017 வாக்கில் ஸ்பெயினில் குடியிருந்த பிரிட்டிஷ் குடிமக்களில் 65 வயதைக் கடந்தவர்கள் மட்டும் சுமார் 1,20,000 பேர். பிரான்சின் டோர்டோன், போர்ச்சுகலின் அல்கார்வே, சைப்ரஸின் பாஃபோஸ் என்று மற்ற இடங்களுக்குப் போனவர்கள் தனி.

திரும்பி வருவதும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரியவர்களுக்குத் தலைக்குப் பத்தே பவுண்டு கட்டணத்தில் ஆஸ்திரேலியா பிரிட்டிஷ்காரர்களை அழைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பின்னர் ஊர் திரும்பினார். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் அரசு கொடுத்த பயணச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால், பலர் பல்லைக் கடித்துக்கொண்டு கெடு முடியும்வரை இருந்தார்கள். அதற்கும் முன்னால், இந்தியாவில் கலெக்டராகவும் ராணுவ அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் செல்டன்ஹாம், ஈஸ்ட்போர்ன் போன்ற ஊர்களில் போய்த் தங்கினார்கள். ஏவலாட்கள் சூழ வாழ்ந்தவர்கள் அங்கே தாங்களே நிலக்கரி அள்ளிப் போட்டுக் குளிர்காய வேண்டியிருந்தது.

இன்று திரும்புகிறவர்களின் நிலைமை வேறு. அவர்கள் துரைகள் அல்லர். பெரும்பாலும் ஆசிரியர்கள், தபால்காரர்கள், சிறுகடை வைத்திருந்தவர்கள், தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர்கள்.

துணை போன பிறகு

திரும்பும் முடிவு பெரும்பாலும் ஒரு சாவிலோ நோயிலோ தொடங்குகிறது. கடற்கரை நகரத்திலிருந்து சில மைல் தள்ளி, மலைச்சரிவில் புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில்தான் பலர் வீடு வாங்கியிருந்தார்கள். பார்க்க அழகான இடம். ஆனால் பஸ் கிடையாது, பக்கத்தில் கடை கிடையாது. அறுபது வயதில் கார் ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தவருக்கு எண்பதில் கண்பார்வை மங்கியதும் அதே வீடு சிறையாகிவிடுகிறது. தம்பதியில் கார் ஓட்டத் தெரிந்தவர் முதலில் இறந்துவிட்டால், மற்றவர் ரொட்டி வாங்கக்கூட அக்கம்பக்கத்தாரை எதிர்பார்க்க வேண்டும்.

ஸ்பெயினின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைத் தரத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நம் ஊரைப் போலவே அங்கும் நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டுவது, முகம் கழுவிவிடுவது, இரவில் துணைக்கு இருப்பது போன்றவற்றைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு உண்டு. மகள் லீட்ஸில் இருக்கும்போது மலாகாவில் படுத்திருக்கும் அம்மாவுக்கு யார் ஊட்டுவது? பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களின் பராமரிப்புக்கென்று ஸ்பெயின் 2006-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பலனைப் பெற ஐந்து வருடம் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி இரண்டு வருடம் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். உள்ளூர் நகராட்சியில் பெயரையே பதியாமல் வாழ்ந்தவர்கள் அதை எப்படி நிரூபிப்பார்கள்?

மொழி இன்னொரு சுவர். கடையில் பேரம் பேசவும் ஓட்டலில் பீர் கேட்கவும் போதுமான ஸ்பானியம், மார்புவலியை டாக்டரிடம் விவரிக்கப் போதாது. மறதிநோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் நழுவுகிறது. தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

பணமும் காலை வாரியது. 2007-இல் ஒரு பவுண்டைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை யூரோ கிடைத்தது. 2008 முடியும்போது ஒரு பவுண்டும் ஒரு யூரோவும் கிட்டத்தட்டச் சமம். லண்டனிலிருந்து வரும் பென்ஷனில் ஒரு பென்னிகூடக் குறையவில்லை, ஆனால் அதன் வாங்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே சமயத்தில் ஸ்பெயினில் வீட்டு விலையும் சரிந்தது. போதாக்குறைக்கு, அந்தலூசியாவில் பலர் வாங்கிய வீடுகளுக்குக் கட்டட அனுமதியே செல்லாது என்று தெரியவந்தது. 2008 ஜனவரியில் அல்மேரியா மாகாணத்தின் வேரா ஊரில், ஓய்வுபெற்ற ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டை அதிகாரிகள் புல்டோசர் வைத்து இடித்தார்கள். அந்தச் செய்தி கடற்கரை முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்தது.

இத்தனைக்கும் மேலே பேரக்குழந்தைகள். வெளிநாட்டு வாழ்க்கையில் எந்தக் குறையும் இல்லாதவர்களையும் இழுத்து வருவது அந்தப் பாசம்தான்.

பாஸ்போர்ட் திறக்கும் கதவு ஒன்றுதான்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருப்பவரை விமான நிலையத்தில் யாரும் தடுக்க முடியாது. அதற்கு அப்பால் கிடைக்கும் பெரும்பாலான உரிமைகள் குடியுரிமையைப் பொறுத்தவை அல்ல, வசிப்பிடத்தைப் பொறுத்தவை. திரும்பி வரும் பலர் இதை அறிவது லண்டனிலோ கிளாஸ்கோவிலோ ஒரு அலுவலக வரிசையில் நிற்கும்போதுதான்.

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். விஷயத்தில் பெரிய சிக்கல் இல்லை. நிரந்தரமாகத் தங்க வந்திருக்கிறேன் என்று காட்டினால் முதல் நாளிலிருந்தே இலவசச் சிகிச்சை உண்டு. வெளிநாட்டில் வசித்துக்கொண்டு அறுவைசிகிச்சைக்கு மட்டும் வந்து போகலாம் என்றால் நடக்காது. வரி கட்டியது எத்தனை வருடம் என்பதை அங்கே கேட்பதில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட், வீட்டு வாடகை உதவி போன்றவற்றுக்கு 1994 முதல் ஒரு வசிப்பிடச் சோதனை உண்டு. வெளிநாட்டார் சலுகை தேடி வருவதைத் தடுக்கத்தான் அது கொண்டுவரப்பட்டது, ஆனால் சொந்தக் குடிமக்களும் அதில் சிக்கிக்கொண்டார்கள். பிரான்சில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த ராபின் ஸ்வாட்லிங் என்ற பிரிட்டிஷ்காரருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் 1999-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. ஆனால் சோதனை இன்றும் இருக்கிறது. வெளிநாட்டு வீட்டை விற்ற பத்திரம், பொருட்களை ஏற்றி வந்த ரசீது, டாக்டரிடம் பதிவு செய்த கடிதம் என்று ஒவ்வொன்றையும் காட்டித்தான் பலர் அதைத் தாண்டுகிறார்கள்.

கொடுமையான முரண் இன்னொன்று. குளிக்கவும் உடை மாற்றவும் பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற தொகை உண்டு. அதைப் பெறப் பொது விதிப்படி கடந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடமாவது பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். உடம்பு முடியாமல் போனதால்தானே அவர் திரும்பி வந்தார்!

வீடு கிடைப்பது அதைவிடக் கஷ்டம். இருபது வருடத்துக்கு முன் விற்ற வீட்டின் இன்றைய விலையைக் கேட்டால் தலை சுற்றும். வாடகைக்குப் போகலாம் என்றால், பிரிட்டனில் சமீபகாலக் கடன் வரலாறு இல்லாதவரை வீட்டுத் தரகர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். உள்ளாட்சி வீடு கேட்டால் அந்த வட்டாரத்தோடு என்ன தொடர்பு என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து வைத்திருப்பவர் முதியோர் இல்லக் கட்டணத்தைத் தாமே கட்ட வேண்டும், அது வாரத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். ஸ்காட்லாந்தில் 2002 முதல் முதியோருக்கான அன்றாடத் தனிப்பட்ட பராமரிப்பு இலவசம். ஒரே நாடு, எல்லைக்கு எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடுகிறது.

மனைவிக்கு விசா

வெளிநாட்டவரை மணந்தவர்களுக்கு இன்னொரு தலைவலி. முன்பு அவர்களைக் காப்பாற்றியது ஒரு இந்தியரின் பெயரில் அமைந்த வழி. பிரிட்டிஷ் பெண்ணை மணந்து, அவரோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் வந்த சுரீந்தர் சிங்கின் வழக்கில் 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொரு ஐரோப்பிய நாட்டில் வேலை செய்து திரும்பும் பிரிட்டிஷ் குடிமகன், பிரிட்டனின் குடியேற்ற விதிகளுக்கு உட்படாமல் துணையை அழைத்து வரலாம் என்றது அது. பிரெக்ஸிட்டுக்குப் பின், 2022 மார்ச் 29-உடன் அந்த வழி ஏறக்குறைய மூடப்பட்டது. இப்போது துணைக்கு விசா எடுக்க ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். வருமானம் அறவே இல்லை என்றால் 88,500 பவுண்டு சேமிப்பு வேண்டும். முப்பது வருடம் கூட வாழ்ந்த ஸ்பானிய மனைவியை அழைத்து வர, அரசுப் பென்ஷனை மட்டும் நம்பியிருக்கும் கணவர் இந்தக் கணக்கை எங்கே போய் எட்டுவார்?

உறைந்துபோன பென்ஷன்

ஐரோப்பாவை விட்டு வெகுதூரம் போனவர்களுக்குப் பிரச்சினை வேறு. பிரிட்டனின் அரசுப் பென்ஷன் ஒவ்வொரு ஏப்ரலிலும் உயர்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா போன்ற சில இடங்களில் வசிப்பவர்களுக்கும் அந்த உயர்வு கிடைக்கும். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிடைக்காது. அங்கே போன நாளில் எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான். சுமார் ஐந்து லட்சம் பேர் இப்படிச் சிக்கியிருக்கிறார்கள்.

ஆன் பக்ரிட்ஜ் அவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். மகளோடு இருக்க 2001-இல் கனடா போனார். அன்று வாரத்துக்கு 72.50 பவுண்டு பென்ஷன். 2024-இல் பிரிட்டனில் முழு அடிப்படைப் பென்ஷன் 169.50 பவுண்டாகிவிட்டது, அவருடையது நகரவே இல்லை. நூறு வயதை ஒட்டி லண்டனுக்குப் பறந்து வந்து ஆட்சியாளர்களிடம் நியாயம் கேட்டார். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சனும் இன்னும் சிலரும் தொடர்ந்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2010-இல் தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், இவர்களில் யாராவது பிரிட்டனுக்குத் திரும்பிக் குடியேறினால் பென்ஷன் உடனே இன்றைய அளவுக்கு உயர்ந்துவிடும். சும்மா சில வாரம் வந்து தங்கினாலும் அந்த வாரங்களுக்கு உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். விமானம் ஏறியதும் பழைய கணக்குக்குப் போய்விடும். மகன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சிட்னியில் இருக்க, பென்ஷனுக்காக மட்டும் எண்பது வயதில் தனியாக ஊர் திரும்புவதா என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு.

ஊர் அதே ஊர்தானா?

எல்லாத் தாள்களும் சரியாகி, வீடும் கிடைத்து உட்கார்ந்த பிறகும் சிலருக்கு மனசு ஒட்டுவதில்லை. கடைத்தெருவில் வங்கிக் கிளை இல்லை, வழக்கமாகப் போன மதுக்கடை இல்லை, தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. பிள்ளைகள் வேறு நகரத்தில் வேலை நெருக்கடியில் இருக்கிறார்கள். தினமும் வருவார்கள் என்று நினைத்தது மாதம் ஒருமுறையாகிறது. நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஸ்பெயினில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நாலு பேர் பேசுவார்களே என்று நினைப்பு வருகிறது. மறுபடியும் ஸ்பெயினுக்கே போனவர்களும் இருக்கிறார்கள்.

நன்றாக நிலைகொண்டவர்களைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. கணவன் மனைவி இருவரும் நடமாடும் நிலையில் இருக்கும்போதே, கைப்பிடிக்க ஆள் தேவைப்படும் முன்பே, அவர்கள் திரும்பியிருக்கிறார்கள். பிரிட்டனில் சிறிய வீடு ஒன்றை விற்காமல் வைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய், துணையையும் இழந்து, படுக்கையில் விழுந்த பிறகு திரும்புகிறவர்களுக்குத்தான் விதிகள் மிகக் கடுமையாக இருக்கின்றன. உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்கு அது மிகத் தாமதமாகக் கிடைக்கும்படி அமைந்த ஏற்பாடு இது. அரசு மாற்ற நினைத்தால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

இந்த விதிகள் தமிழ் வாசகர்களையும் தொடும். பத்து வருடம் பிரிட்டனில் தேசியக் காப்பீடு கட்டியவருக்கு அங்கே அரசுப் பென்ஷனில் ஒரு பங்கு உண்டு. முழுத் தொகைக்குப் பொதுவாக 35 வருடம் வேண்டும். லண்டனிலோ லெஸ்டரிலோ உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கழிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியாவும் இலங்கையும் உயர்வு கிடைக்காத நாடுகளின் பட்டியலில் உள்ளன. எழுபதில் வாங்கத் தொடங்கிய தொகை தொண்ணூறிலும் அதேதான். வீட்டை விற்பதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.