எரிகிற விளக்கில் என்ன கோளாறு?

விளக்கு எரிகிறது. பிரேக் பிடிக்கிறது. ஹாரன் அடிக்கிறது. ஆனாலும் வண்டி பாசிங்கில் தேறவில்லை. 'ஹெட்லைட் சரியில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எரிகிற விளக்கில் என்ன கோளாறு இருக்க முடியும்?

மும்பையில் டாக்சி, ஆட்டோ, டெம்போ ஓட்டும் தமிழர்கள் நிறையப் பேர். வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் தகுதிச் சான்று வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதை எஃப்.சி. என்பார்கள். மும்பையில் பாசிங் என்பார்கள். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை பாசிங். அதற்குப் பிறகு ஆண்டுதோறும். செம்பூர் பக்கத்து வண்டிகளில் எம்.எச். 03 என்ற எண் இருக்கும். அவற்றுக்கு வடாலா ஆர்.டி.ஓ. அலுவலகம்.

சான்று இல்லாமல் ஓட்டினால் அபராதம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதும் சிக்கலாகும். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் போகும். அதனால்தான் தேறவில்லை என்றதும் ஓட்டுநர் பதறுகிறார். நேரே கடைக்குப் போய்ப் பெரிய பல்பு வாங்குகிறார்.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் அதிகம். அங்கே ஒரு மெக்கானிக்கிடம் இந்தப் பேச்சு இப்படி நடக்கும்:

"தம்பி, இந்தப் பல்ப மாட்டிக் குடு. நாளைக்குப் பாசிங் போவணும்."

"வெளிச்சம் பத்தலன்னா எழுதியிருக்காங்க, அண்ணாச்சி?"

"இல்ல. ஏறி அடிக்குன்னு சொன்னாங்க."

"அப்போ பல்பு எதுக்கு? திருப்புளி போதும்."

மெக்கானிக் சொல்வதுதான் சரி. விளக்கு கெடவில்லை. அதன் குறி தவறியிருக்கிறது. குறி தவறிய விளக்கில் பெரிய பல்பைப் போட்டால் எதிரே வருபவரின் கண் இன்னும் கூசும்.

8 மீட்டர் தள்ளி ஒரு கண்

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதைப் பற்றியது. விதி ஒரு கண்ணைக் கற்பனை செய்கிறது. அந்தக் கண் விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கிறது. விளக்குக்கு வலப்பக்கம் அரை மீட்டர் விலகி இருக்கிறது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிம் போட்டால் அந்தக் கண் கூசக் கூடாது.

ஏன் வலப்பக்கம்? நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிர் வண்டி நம் வலப்பக்கம்தான் வரும். ஏன் ஒன்றரை மீட்டர்? சாலையில் நிற்கும் ஆளின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். விளக்கு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 5 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 5 செ.மீ. ஏறியிருக்கிறது. 5 செ.மீ. என்பது இரண்டு அங்குலம். சின்னப் பிழைதானே என்று தோன்றும். ஆனால் 50 மீட்டர் போனதும் அது 50 செ.மீ. ஏறிவிடும். அப்போது வெளிச்சம் 130 செ.மீ. உயரத்தில் அடிக்கும். காரில் எதிரே வருபவரின் முகம் அங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளையின் முகமும் அங்கேதான்.

கண் கூசியவருக்குச் சில விநாடிகள் சரியாகத் தெரியாது. வயதானவர்களுக்கு இன்னும் நேரம் ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். 3 விநாடியில் 33 மீட்டர். 90 அடி சாலையில் இரவு 10 மணிக்கும் ஜனம் நடந்துகொண்டே இருக்கும். அங்கே பார்வை இல்லாமல் 33 மீட்டர் ஓட்டுவதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குறி ஏன் தவறுகிறது?

தாராவியில் தோல் பைகள் தைக்கிறார்கள். கும்பார்வாடாவில் பானை செய்கிறார்கள். பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். எல்லாம் டெம்போவில்தான் போகிறது. பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழும். முன்பக்கம் தூக்கும். விளக்கும் கூடவே தூக்கும். நாள்பட்ட பாரத்தில் பின் பட்டைகள் படிந்துபோயிருக்கலாம். அப்போது காலி வண்டியிலும் வெளிச்சம் ஏறித்தான் அடிக்கும். அப்படி இருந்தால் முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும். விளக்கைத் திருகுவது அப்புறம்.

இடிபட்டு விளக்கின் தாங்கி வளைந்திருக்கலாம். பல்பைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம். பல்பின் அடியில் மூன்று காதுகள் உண்டு. அவை தம் பள்ளத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும். பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

பழைய விளக்குகளை மலிவாக வாங்கி மாட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிம் வெளிச்சம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. நம் நாட்டு விளக்கில் இடப்பக்கம் சற்று ஏறி நடைபாதையைக் காட்டும். வலப்பக்கம் தாழ்ந்தே இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளின் விளக்கில் இது தலைகீழ். 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதற்காக வண்டிகளின் ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியிருந்தது. வெளிநாட்டு விளக்கை இங்கே மாட்டினால் எவ்வளவு திருகினாலும் சரிப்படாது.

முன்பு விளக்கின் மேல்பாதியில் கறுப்புச் சாயம் பூசும் வழக்கம் இருந்தது. குறி சரியாக இருந்தால் அது தேவையே இல்லை.

சுவரும் சாக்பீசும்

குறியைச் சரிபார்க்க இயந்திரம் உண்டு. அது இல்லாத இடத்தில் சுவரே போதும். சமதளமும் வேண்டும். தாராவிச் சந்துகளில் 5 மீட்டர் சமதளம் கிடைப்பது அரிது. மாட்டுங்கா பக்கம் அகலமான தெரு உண்டு. இருட்டிய பிறகு, போக்குவரத்து இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையின் ஷட்டர் உதவாது. அது வரிவரியாக இருக்கும்.

டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும். வண்டி காலியாக இருக்க வேண்டும். ஓட்டுநர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் வண்டியைச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். இரண்டு விளக்குகளின் நடுப்பகுதிக்கு நேராகச் சுவரில் சாக்பீசால் கூட்டல் குறி போடுங்கள். பிறகு வண்டியை நேராகப் பின்னுக்கு எடுங்கள். விளக்குக்கும் சுவருக்கும் 5 மீட்டர் இருக்கட்டும். டேப்பு வைத்து அளப்பது நல்லது.

டிம் போடுங்கள். ஒரு விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். சுவரில் வெளிச்சத்துக்கு மேல் விளிம்பு ஒன்று தெரியும். வலப்பக்கம் அது மட்டமாக இருக்கும். அந்த மட்டக் கோடு கூட்டல் குறிக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். கோடு சாய்ந்து மேலே திரும்பும் முனை, குறிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கின் பின்னாலோ ஓரத்திலோ இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று மேலும் கீழும் நகர்த்தும். மற்றது இடமும் வலமும் நகர்த்தும். அரைச் சுற்று திருகிவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சுற்றினால் எந்த ஸ்க்ரூ எதற்கு என்பதே குழம்பிவிடும்.

பயந்துபோய் மிகவும் தாழ்த்திவிடவும் கூடாது. 5 மீட்டரில் 20 செ.மீ. தாழ்ந்தால் வெளிச்சம் 20 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு விநாடித் தூரம்கூட இல்லை. மழைக்காலத்தில் செம்பூரிலிருந்து பன்வேல் பக்கம் போகிறவருக்குப் பள்ளம் தெரிவதற்குள் சக்கரம் இறங்கிவிடும்.

மீண்டும் பாசிங்குக்கு

சில வண்டிகளில் ஸ்டியரிங் பக்கம் சிறிய சக்கரம் ஒன்று இருக்கும். அதில் 0, 1, 2, 3 என்று எண்கள் உண்டு. எண் கூடினால் வெளிச்சம் தாழும். சுவரில் அளக்கும்போதும் பாசிங்குக்குப் போகும்போதும் காலி வண்டிதான். அதனால் 0 வைக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்திருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்து மங்கியிருந்தால் விளக்கையே மாற்ற வேண்டும். 60/55 வாட் பல்புக்கான இடத்தில் 100/90 வாட் பல்பு இருந்தால் பழையதை மாட்டிவிடுவது நல்லது. பெரிய பல்பின் சூட்டில் ஹோல்டர் உருகுவதும் உண்டு.

சான்று கிடைத்து, மறுநாள் டெம்போவில் சரக்கு ஏறியதும் அந்தச் சிறிய சக்கரத்தை 2 அல்லது 3க்குத் திருப்ப வேண்டும். சரக்கை இறக்கியதும் 0.