மெல்லனற் சமையல்

‘அடுதல்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சமைத்தல் ஒன்று, கொல்லுதல் மற்றொன்று. அடுப்பு, அடுக்களை, அடிசில் என்பன முன்னதன் வழிப் பிறந்தன. அடுகளம், அடுபோர் என்பன பின்னதன் வழிப் பிறந்தன. ஒரு சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பதன் பொருத்தத்தை அடுக்களையிற் சிறிது நேரம் நின்றோர் அறிவர். தீ அளவிற்பட்டு நின்றால் உணவைச் சமைக்கும். அளவிறந்தால் உணவின் சுவையையும், விறகையும், சமைப்போரின் உடல்நலத்தையும் ஒருங்கே கெடுக்கும். அளவிற்பட்ட அனலில் நெடுநேரம் வைத்து, வயிறு நிறையும் வீட்டுணவை ஆக்கிக்கொள்ளும் முறையை ‘மெல்லனற் சமையல்’ எனப் பெயரிட்டு, அதன் இயல்பையும் பயனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்காலத்து நகரக் கடைகளில் ‘ஸ்லோ குக்கர்’ என்றொரு மின்சாரப் பாண்டம் விற்கப்படுகின்றது. வெளியே உலோகக் கூடு. உள்ளே கனத்த பீங்கான் பானை. மேலே கண்ணாடி மூடி. கூட்டினுள் அமைந்த மின்கம்பி மெல்லச் சூடேறிப் பானையை வெதுப்பும். காலையில் பருப்பும் காயும் இறைச்சியும் நீரும் இட்டு மூடிச் சென்றால், ஆறு அல்லது எட்டு மணி நேரங் கழித்து வருவோர்க்கு உணவு சூடாகக் காத்திருக்கும். இதனை மேனாட்டார் கண்ட புதுமை என்று பலர் கருதுவர். பெயரும் பாண்டமும் புதியனவே. செயலோ நம் கரிசற் காட்டுக்குப் பழையது.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலைக்கு அணித்தாக உள்ளது குருவிகுளம். 2019ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். மேற்கு மலையடிவாரத்து ஊர்களுக்கு வாய்த்த ஆற்றுப் பாய்ச்சல் இப்பக்கத்திற்கு வாய்க்கவில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைவிக்கும் புன்செய் நிலம் இது. நெற்சோறு அன்றாட உணவாக வருமுன் இங்குள்ள இல்லங்களிற் பெரிதும் வழங்கியவை கம்பஞ்சோறும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறுமே.

கம்பஞ்சோறு ஆக்கும் முறையை நோக்குவோம். கம்பின்மீது நீர் தெளித்து உரலிலிட்டுக் குற்றி, உமி போகப் புடைத்து, மீண்டும் இடித்து நொய்யாக்குவர். உலை கொதித்தபின் நொய்யை இட்டு, அடிபிடியாமல் துடுப்பாற் கிண்டுவர். முக்காற் பதம் வெந்ததும் எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டுப் பானையை மூடி, எஞ்சிய தணலின்மேல் விட்டுவைப்பர். அத்தணலிலே சோறு புழுங்கி முழுப்பதம் எய்தும். எந்த விறகு எதற்கு ஏற்றது என்பதும் பெண்டிர் நன்கறிந்ததே. பருத்திமார் சடுதியிற் பற்றி எரிந்து அடங்கும். ஆதலின் உலை கொதிக்க வைப்பதற்கு உதவும். கருவேலங்கட்டை நெடுநேரம் தணலாய் நிற்கும். வறட்டியோ மெல்லக் கனலும். ஆதலின் பாலை நாள் முழுதும் காய்ச்சி ஆடை படியச் செய்தற்கு அதனையே கொள்வர்.

அடுப்பின் அமைப்பிலும் இவ்வறிவு விளங்குகின்றது. பேரடுப்பின் பக்கத்தே ஒரு சிறு வாய் அமைத்து, இரண்டையும் உட்புறத்தே ஒரு துளையால் இணைத்திருப்பர். இதனைக் கொடியடுப்பு என்பர். பேரடுப்பில் விறகு எரிய, மிஞ்சிய அனல் துளைவழிச் சென்று சிறு வாயின் மேலுள்ள சட்டியை வெதுப்பும். தனி விறகு சிறிதுமின்றிக் குழம்பு சுண்டும், வெந்நீர் காயும். மின்சாரம் காணாத காலத்து ஸ்லோ குக்கர் இதுவே எனின் மிகையாகாது.

இத்தகைய உணவின் பழமையைச் சங்க இலக்கியமும் உணர்த்தும். பாணர்க்கு வன்புலத்து உழவர் வரகரிசிச் சோற்றோடு அவரைப் புழுக்கைச் சேர்த்து அளிப்பதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. தானியமும் பயறும் ஒன்றுகூடிய அவ்வுணவின் சிறப்பை இன்றைய உணவு நூலும் ஒப்புக்கொள்ளும். தானியத்திற் குறைவாகவுள்ள லைசின் என்னும் புரதக்கூறு பயற்றில் மிகுதி. பயற்றிற் குறைவாகவுள்ள மெத்தியோனின் தானியத்திற் கிடைக்கும். இரண்டும் கூடிய இடத்துப் புரதம் நிறைவெய்துகின்றது.

இனி, மெல்லிய அனல் எங்ஙனம் வன்தீயின் வேலையைச் செய்கின்றது என்னும் வினா எழும். திறந்த பானையிலுள்ள நீர் 100 செல்சியஸ் பாகையிற் கொதிக்கும். அதன்பின் எத்துணை விறகை அடுக்கினும் அந்நீர் அவ்வெல்லையைக் கடவாது. தளதளவென்று பொங்கும் நீரும், ஓரிரு குமிழி எழும் அமைதியான நீரும் ஏறத்தாழ ஒரே வெம்மையுடையனவே. அப்படியாயின் மிகுதியாக இட்ட விறகு என்னவாயிற்று? ஆவியாய்ப் போயிற்று. ஒரு லிட்டர் நீரை 30 பாகையினின்று கொதிநிலைக்கு உயர்த்த ஏறத்தாழ 70 கிலோகலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீர் முழுதும் ஆவியாதற்கோ 540 கிலோகலோரி வேண்டும். அஃதாவது ஏழு மடங்கிற்கும் மேல். ஆகவே, பொங்கிய பானையின்கீழ்த் தீயைக் குறைத்து மூடி இடுதலே விறகைக் காக்கும் முதல் வழி.

மேலும், உணவு வேகுதற்கு எப்பொழுதும் 100 பாகை வேண்டுவதில்லை. தானியத்திலுள்ள மாச்சத்து பெரும்பாலும் 60 முதல் 80 பாகைக்குள் நீரை உண்டு குழையும். ஆட்டுக்கால் போன்ற நரம்பும் சவ்வும் மிக்க இறைச்சியிற் கொல்லாஜன் என்னும் கெட்டியான புரதம் உண்டு. அது 70 பாகைக்கு மேற்பட்ட ஈரவெப்பத்திற் பல மணி நேரம் கிடப்பின் ஜெலட்டினாக மாறிச் சாற்றிற் கரையும். வன்தீயில் விரைந்து வெந்த அதே இறைச்சி முறுகி வறள்வதும், மெல்லனலிற் கிடந்தது விரலால் தொட உதிர்வதும் இதனாலேயே. விரைவை வேண்டுவோர்க்கு வேறு வழியும் உண்டு. 1679ஆம் ஆண்டில் டெனிஸ் பப்பன் என்னும் பிரெஞ்சு அறிஞர் நீராவியை அடைத்து அழுத்தம் ஏற்றும் பாண்டத்தைச் செய்தார். அதன் வழிவந்த பிரஷர் குக்கரில் வெம்மை ஏறக்குறைய 120 பாகை வரை ஏறும். நேரம் மிகக் குறையும். ஆயினும் விசிலை எண்ணி நிற்க ஒருவர் வேண்டும். பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சப்படுத்தும். மெல்லனல் காவலை மிச்சப்படுத்தும்.

காவலின்றி வேகும் உணவை நாடியோர் உலகிற் பலர். ஓய்வுநாளில் வீடுகளில் தீ மூட்டலாகாது என்பது யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்திற் காணும் கட்டளை. அதனைப் போற்றிய ஐரோப்பிய யூதர், வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் பயறும் வாற்கோதுமையும் இறைச்சியும் இட்ட பானையை ரொட்டிச்சாலை அடுப்பில் வைத்துவிடுவர். அடுப்பில் எஞ்சிய சூட்டில் இரவெல்லாம் வெந்த அவ்வுணவு மறுநாள் பகலிற் சூடாகக் கிட்டும். ‘சோலண்ட்’ என்பது அதன் பெயர். லிதுவேனியாவில் வழங்கிய இவ்வழக்கத்தைத் தம் தாயார் சொல்லக் கேட்ட இர்விங் நாக்சன் என்னும் அமெரிக்கர், மின்சாரத்தால் அவ்வடுப்பைப் போலிசெய்ய முயன்று 1940ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1970இல் அவரது தொழிலை வாங்கிய ரைவல் நிறுவனம், 1971இல் ‘கிராக் பாட்’ என்னும் பெயரால் அப்பாண்டத்தை விற்கத் தொடங்கியது. அமெரிக்கப் பெண்டிர் மிகுதியாக வெளிவேலைக்குச் சென்ற காலமாதலின் அது விரைந்து பரவிற்று.

நம் நாட்டிலும் அதற்கு முன்னரே ஒருவர் இத்துறையில் உழைத்தார். வங்காளத்து மருத்துவராகிய இந்துமாதவ மல்லிக் 1910ஆம் ஆண்டில் ‘இக்மிக் குக்கர்’ என்பதனை அமைத்தார். நீண்ட உருளைக்குள் அடுக்குப் பாத்திரங்கள். அடியிற் சிறு கரியடுப்பு. சோறும் பருப்பும் கறியும் தனித்தனி அடுக்கில் ஒரே கரியால் ஆவியில் வெந்துவிடும். கரி அவிந்த பின்னும் உணவு சூடாறாது. தனித்து வாழ்வோர்க்கும் வழிச்செல்வோர்க்கும் அது பெருந்துணையாயிற்று.

இவ்வரலாறு முழுதிலும் ஒரு செய்தி உள்ளோடுகின்றது. அடுப்பின் முன் நிற்க இயலாதவர்க்கே மெல்லனல் வேண்டியதாயிற்று. குருவிகுளத்துப் பக்கத்தில் அவ்வாறு நிற்க இயலாதவர் யாவர்? விடியலிற் பருத்தி எடுக்கச் செல்லும் தாயரும், கோவிற்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலிற் கூலிக்கு அமர்ந்த மகளிருமே. அவர் மாலையில் மீண்டபின் அடுப்பு மூட்டினால் உண்பதற்கு இரவாகும். இல்லையேல் வீட்டிலுள்ள சிறுமி அடுப்பைக் காக்கவேண்டும். சுவடி ஏந்தவேண்டிய கை துடுப்பை ஏந்தும். குறுந்தொகை 167ஆம் பாட்டிற் கூடலூர் கிழார், தாளிப்புப் புகை கண்ணிற் படியக் கணவனுக்குப் புளிக்குழம்பு ஆக்கும் இளமனைவியைக் காட்டுகின்றார். அப்பாட்டை நாம் இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகப் பயில்கின்றோம். அவள் கண்ணிற் பட்ட புகையைப் பற்றி எண்ணுவோர் சிலரே. 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2016இல் தொடங்கிய உஜ்வலாத் திட்டம் முதலியவற்றால் எரிவாயு அடுப்பு பல சிற்றூர் இல்லங்களிற் புகுந்தது நன்றே. ஆயினும் உருளையின் விலை கருதி விறகையும் உடன் வைத்திருக்கும் வீடுகள் உள. எரிவாயுவாயினும் விறகாயினும் குறைவாக எரித்தல் இலாபமே.

இதற்கு மின்சாரப் பாண்டமும் இன்றியமையாததன்று. இரு பெரும் போர்க்காலங்களிலும் எரிபொருட் பஞ்சமுற்ற ஐரோப்பியர் ‘வைக்கோற் பெட்டி’ என்றொரு சூழ்ச்சியைக் கையாண்டனர். பருத்தி விளையும் கரிசலில் அதனைச் செய்தல் மிக எளிது. மூடியுள்ள மரப்பெட்டியோ பெருங்கூடையோ ஒன்றை எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வைக்கோலையோ பழைய பஞ்சையோ திணித்து, நடுவே பானைக்குக் குழி விடுக. மேலே மூடப் பஞ்சு நிறைந்த ஒரு திண்டு தைத்துக்கொள்க. பஞ்சினிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அடுப்பிற் பொங்கிய பானையை மூடியோடு அப்படியே குழியில் இறக்கித் திண்டால் மூடினால், தீயின்றியே சமையல் தொடரும். பானை முக்காலுக்கு மேல் நிறைந்திருத்தல் வேண்டும். சிறிதளவு உணவு விரைந்து ஆறிவிடும். இடையிடையே திறந்து பார்த்தல் கூடாது.

ஐவர்க்குரிய தட்டைப்பயற்றுக் குழம்பை எடுத்துக்கொள்வோம். 250 கிராம் பயற்றை இரவில் ஊறவைத்து, மறுநாள் நீரை மாற்றி, பயறும் நீரும் சேர்ந்து பானையை நிறைக்குமாறு ஒன்றரை லிட்டர் வார்த்து, கால் மணி நேரம் நன்கு கொதிக்கவிட்டுப் பெட்டியில் வைக்க. மூன்று மணி நேரத்திற் பயறு மலரும். அதன்பின் கத்தரிக்காயும், மிளகாய் மல்லி அரைப்பும், புளியும் உப்பும் கூட்டி மீண்டும் அடுப்பேற்றிக் காய் வேகும்வரை கொதிக்கவைத்துத் தாளிக்க. புளியை முன்னரே சேர்த்தல் ஆகாது. புளிப்பு பயற்றின் தோலை இறுகச் செய்து வேகவிடாது. சுண்ணச்சத்து மிக்க கிணற்று நீரும் அவ்வாறே செய்யும்; குடிநீரில் வேகவைத்தல் நலம். கம்பு நொய்யும் குதிரைவாலியும் பத்து நிமிடம் கொதித்தபின் பெட்டியிலேயே சோறாகும். ஆட்டுக்காற் சாற்றுக்குப் பெட்டிச் சூடு மட்டும் போதாது. சிறு தீயில் நான்கைந்து மணி நேரம் வேண்டும்.

எச்சரிக்கையும் சில உள. ஐந்து முதல் 60 பாகை வரையுள்ள சூட்டில் நோய்க்கிருமிகள் பெருகும். ஆதலின், பெட்டியினின்று எடுத்த உணவை உண்ணுமுன் ஒருமுறை கொதிக்கவைத்தல் வேண்டும். மின்சாரப் பாண்டத்தில் வைத்துச் சென்றபோது மின்சாரம் நெடுநேரம் நின்றுவிட்டதாயின் அவ்வுணவைக் கொள்ளலாகாது. ராஜ்மா என்னும் சிவப்புப் பயற்றில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. அதனை ஐந்து மணி நேரமேனும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரே மெல்லனலில் இடவேண்டும். மெல்லனல் ஒன்றே அந்நஞ்சை அழிக்காது. கரித்தணலைப் பூட்டிய அறையில் வைத்தலும் தீது. புகையின்றித் தோன்றினும் அது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றை உமிழும்.

இவற்றையெல்லாம் கற்று, ‘இனிப் பெண்டிர்க்கு வேலை எளிதாயிற்று’ என்று கூறி ஆடவர் திண்ணையில் அமர்ந்துவிடலாகாது. பயற்றை ஊறவைத்தலும், பானையைப் பொங்கவைத்துப் பெட்டியில் இறக்குதலும் யாவர்க்கும் இயலுவனவே. சமையலின் சிறப்பைக் கூற நம்மவர் எடுத்தாளும் இரு பெயர்களும் நளபாகம், வீமபாகம் என்பன. நளனும் வீமனும் ஆடவரே அல்லரோ? விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் இல்லத்தில் ஒரு பெட்டியை அமைத்து, ஒரு வேளை உணவையேனும் அதில் ஆக்குவார்களாக. காட்டினின்று மாலையில் மீளும் தாய்க்குப் புகையற்ற ஓர் அடுக்களையும், மூடி திறந்தவுடன் ஆவி எழும் ஒரு பானையும் காத்திருக்குமாயின், அதனினும் பெரிய விருந்து அவ்வில்லத்தில் வேறில்லை.