கடல்மீன் தொட்டிக்கு வேண்டிய வெளிச்சம்: புதிதாய்த் தொடங்குவோர்க்குச் சில யோசனைகள்

கள்ளக்குறிச்சிக்கும் கடற்கரைக்கும் இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரமுண்டு. எனினும் வண்ணமீன் வளர்ப்பில் ஓரளவு பழகிய வாலிபர் சிலர், நன்னீர் மீன்களோடு நில்லாமல், கடல்மீன்களையும் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்பி விபரங்களை விசாரித்து வருகின்றனர். அவர்கள் முதலாவதாகக் கேட்பது விளக்கைப் பற்றியேயாம். விலையுயர்ந்த விளக்கு இல்லாவிடில் கடல்மீன் பிழைக்காது என்னும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் சரியானதன்று. மீனுக்கு வேண்டிய வெளிச்சம் வேறு. பவளத்துக்கு வேண்டிய வெளிச்சம் வேறு. இவ்வேற்றுமையை அறியாமல் முதல் போடுவோர், பணத்தையும் மீனையும் ஒருங்கே இழக்க நேரிடும். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பயன்தருமென நம்புகிறோம்.

வெளிச்சம் எதற்கு உணவாகிறது?

பயிர் சூரிய ஒளியைக் கொண்டே தன் உணவைத் தயாரித்துக் கொள்ளுகிறது என்பது குடியானவர்கள் அறிந்ததே. எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு ஒளி ஆகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நட்டு நிழல் செய்வதும், கரும்புக்குத் திறந்த வெயிலை விடுவதும் இக்காரணம் பற்றியே.

கடலில் வாழும் பவளம் ஓர் உயிர்ப்பிராணி. ஆயினும் அதன் சதையினுள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு சர்க்கரைப் பொருளை உண்டாக்கித் தமக்கு இடங்கொடுத்த பவளத்துக்கும் ஊட்டுகின்றன. கடற்சாமந்தி என்னும் பிராணிகளில் பலவும் இவ்விதமே வாழ்கின்றன. ஒளி குறைந்தால் உள்ளிருக்கும் பாசி நலிவதோடு, நாளடைவில் பவளமும் நலிந்து இறக்கிறது. மேலும், கடல்நீர் சிவப்பு ஒளியை மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடுவதால், ஆழத்தில் எட்டுவது பெரும்பாலும் நீல ஒளியே. பவளத் தொட்டிகளுக்கு நீலம் மிகுந்த, வலுவான விளக்குகளை விற்பதன் காரணம் இதுவே.

மீனோ ஒளியை உண்டு வாழ்வதில்லை. இடப்படும் ஆகாரத்தை உண்டே அது வாழ்கிறது. இரை காணவும், பகல் இரவு என்னும் ஒழுங்கை உணரவும், தன் இயல்பான நிறத்தோடு விளங்கவும் மட்டுமே மீனுக்கு வெளிச்சம் தேவை. இதற்கு மிதமான விளக்கொன்று தாராளமாய்ப் போதும்.

பவளத்தை நாடலாகாது

புதிதாய்த் தொடங்குவோர் பவளத்தை வாங்கலாகாது என்பதற்கு விளக்குச் செலவு மட்டும் காரணமன்று. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ஆம் வருஷம் கல்பவள இனங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. அந்த அட்டவணையிலுள்ள உயிர்களைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும். கடற்குதிரையும் அவ்வாண்டிலேயே அந்த அட்டவணையில் இடம்பெற்றது. உயிருள்ள பாறை என்ற பெயரால் விற்கப்படும் கல்லும் பவளத்திட்டிலிருந்து பெயர்த்ததாய் இருக்கக்கூடுமாதலின், அதனையும் விலக்குக. அதற்கு மாற்றாகச் சுட்டமண் கட்டிகளும் செயற்கைக் கற்களும் கிடைக்கின்றன.

இச்சட்டத்தின் நியாயத்தை நம் மாகாணத்துக் கடலிலேயே காணலாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்திட்டுகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தமையால் அலையைத் தடுக்கும் அரண் குறைந்து, தூத்துக்குடிப் பக்கத்தில் விலாங்குச்சல்லித் தீவும், கீழக்கரைப் பக்கத்தில் பூவரசன்பட்டித் தீவும் நீரில் மூழ்கின. 1986-இல் அப்பிரதேசம் கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பின்னரும் 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடல்நீரின் உஷ்ணம் மிகுந்து, பவளம் தன் பாசியை இழந்து வெளுத்துப்போயிற்று. எஞ்சியிருப்பதை வீட்டுத் தொட்டிக்காகப் பெயர்ப்பது, விதைநெல்லை உரலிலிட்டுக் குத்துவதற்கு ஒப்பாகும்.

மீனுக்குப் போதுமான விளக்கு

முதன்முதல் தொடங்குவோர்க்கு 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏற்றது. விளிம்பில் சிறிது இடம் விட்டு நிரப்பினால் சுமார் 175 லிட்டர் நீர் கொள்ளும். இதனினும் சிறிய தொட்டியில் நீரின் குணம் சீக்கிரம் கெடுமாதலால் புதியவர்க்கு அது தகாது.

இத்தொட்டிக்கு 20 வாட் அளவுள்ள வெண்ணிற எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். நிறத்தின் அளவு 6,500 முதல் 10,000 கெல்வின் வரை இருக்கலாம். தினந்தோறும் 6 முதல் 8 மணி நேரம் எரித்தல் நன்று. 8 மணி நேரம் எரித்தால் மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரமே செலவாகும். பவளத்துக்கென முன்னர் மிகுதியாய் வழங்கிய 250 வாட் உலோக ஹாலைடு விளக்கைப் பத்து மணி நேரம் எரித்தாலோ மாதத்துக்கு 75 யூனிட் செலவாவதோடு, அதன் சூட்டால் தொட்டி நீரும் காயும். மீன் மட்டும் வளர்ப்பவர்க்கு இச்செலவினால் யாதொரு பிரயோஜனமுமில்லை.

விளக்கை ஏற்றும் நேரமும் அணைக்கும் நேரமும் நாள்தோறும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கையால் செய்யின் மறதி நேருமாதலால், குறித்த நேரத்தில் தானே இயங்கும் டைமர் ஒன்றை இணைத்துக் கொள்ளுக. இருண்ட அறையில் திடீரென விளக்கைப் போட்டால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதிக்கொள்ளும். ஆதலால் முதலில் ஜன்னலைத் திறந்தோ அறை விளக்கை ஏற்றியோ அரைமணி நேரம் கழிந்த பின்னரே தொட்டி விளக்கை ஏற்ற வேண்டும். இரவு முழுதும் நீல விளக்கை எரிப்பது பார்ப்பவர் கண்ணுக்கு இனிதாயினும் மீனுக்கு அவசியமன்று. மீனுக்கும் இருளும் ஓய்வும் வேண்டும்.

தொட்டியை வைக்கும் இடம்

சூரிய ஒளி செலவின்றிக் கிடைப்பதாயிற்றே என்று தொட்டியை ஜன்னலோரத்தில் வைப்பவர் உண்டு. இது முற்றிலும் தவறான வழக்கம். கடல்மீன் தொட்டியின் நீர் 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருத்தல் நலம். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் கோடை வெயில் 38 டிகிரிக்கு மேல் ஏறும் நாட்களுண்டு. அந்நாட்களில் நேர்வெயிலும் பட்டால் நீர் காய்ந்து, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்து, மீன் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கும்.

இன்னொரு தீங்கும் உண்டு. சூட்டினால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பத்தில் ஒரு பங்கு நீர் ஆவியானால் அவ்வளவு 39 கிராமை நெருங்கும். ஆகவே தொட்டியின் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடிட்டு, குறைந்த அளவை உப்பில்லாத சுத்தமான நீரால் தினமும் நிரப்ப வேண்டும். இதற்கு உப்புநீரை ஊற்றலாகாது. கோடையில் நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்றுப் படும்படி செய்தால் உஷ்ணம் தணியும்; ஆனால் நீர் அதிகம் ஆவியாவதால் நிரப்புதலில் அதிகக் கவனம் வேண்டும்.

மரக்காணம் உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல்நீராகிவிடாதா எனச் சிலர் வினவுகின்றனர். ஆகாது. உப்பளத்தில் நீர் வற்றுகையில் சுண்ணாம்புச் சத்து முன்னரே படிந்துவிடுகிறது. மக்னீசியச் சத்து கடைசிக் கசப்பு நீரோடு போய்விடுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் சோற்றுப்பேயன்றிக் கடலின் முழுச் சத்தன்று. தொட்டிக்கென்றே தயாரித்த கடலுப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். மேற்சொன்ன தொட்டிக்கு அது ஆறு கிலோவுக்குச் சற்று மேற்படும்.

கல்வராயன் மலைமீது, சுமார் 2,000 முதல் 4,000 அடி வரை உயர்ந்த ஊர்களில், இதற்கு மாறான தொல்லை உண்டு. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரால் நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடும். சூட்டுக்காக விளக்கை இரவிலும் எரிய விடுதல் கூடாது. உஷ்ணத்தை அளவோடு நிறுத்தும் ஹீட்டரைத் தனியே பொருத்துவதே முறை.

அதிக வெளிச்சத்தால் வரும் பாசி

சூப்பர் பாஸ்பேட் இட்ட நெல்வயலில், நட்ட பயிர் நிழல் கவியுமுன் பாசி படர்வதை யாவரும் கண்டிருப்பர். தொட்டியிலும் நிகழ்வது அதுவே. மீனுக்கு அளவின்றி இடும் தீனியிலிருந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேருகின்றன. உரம் மிகுதியாய் இடும் நிலத்தின் கிணற்று நீரிலும் நைட்ரேட் இருக்கக்கூடும். இவ்வுரத்தின் மேல் அதிக வெளிச்சமும் சேர்ந்தால் பச்சைப்பாசி மயிர்போல் வளர்ந்து கல்லையும் கண்ணாடியையும் மூடும்.

பரிகாரம் யாதெனில், வெளிச்சத்தை 5 அல்லது 6 மணி நேரமாகக் குறைத்தல், சில நிமிஷங்களில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீனியிடுதல், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல், ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த நீரையே உப்புக் கலக்க உபயோகித்தல் ஆகிய இந்நான்குமாம். பாசியைக் கொல்லும் மருந்தை உடனே நாடுவது, களைக்கு அஞ்சிப் பயிரையும் வாட்டுவது போலாம். புதுத் தொட்டியில் முதற்சில வாரங்களில் தோன்றும் பழுப்புநிறப் படிவம் வேறு வகை. அது பெரும்பாலும் தானே மறையும்.

முதல் ஆறு வாரங்கள்

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா விஷத்தை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரங்கள் செல்லும். தினம் ஒரு சிட்டிகை தீனியை வெறுந்தொட்டியில் இட்டு வந்தால் அவை பெருகும். இந்நுண்ணுயிர்களுக்கு வெளிச்சம் வேண்டியதில்லை. ஆகையால் இக்காலம் முழுதும் விளக்கை அணைத்தே வைக்கலாம். மின்சாரமும் மிச்சம், பாசியும் குறைவு. சோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையெனக் கண்ட பின்னரே மீனை விடுக. மீனை விட்ட முதல் நாளும் விளக்கை அணைத்து வைத்தால் அது அச்சந்தெளியும்.

முதல் மீனாகக் கோமாளி மீன் ஏற்றது. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இதனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியுள்ளனர். கடலில் பிடித்த மீனைவிடப் பண்ணையில் பொரித்த மீன் தொட்டி வாழ்வுக்கும் தீனிக்கும் எளிதில் பழகும். கடற்சாமந்தி இல்லாமலும் கோமாளி மீன் சுகமாய் வாழுமாதலால், அதற்கென வலுவான விளக்கு வாங்க வேண்டியதில்லை.

மின்சாரத்தில் ஜாக்கிரதை

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும்; உலோகத்தையும் விரைவில் அரிக்கும். விளக்கின் கம்பி, பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கிப் பின் மேலேறும்படி அமைத்தால், வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்கினுள் புகாது. மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் அவசியம் இருத்தல் வேண்டும். தொட்டியில் கையிடுமுன் விளக்கையும் ஹீட்டரையும் நிறுத்துக.

மின்சாரம் தடைப்படும்போது விளக்கு அணைவதால் மீனுக்குக் கேடில்லை. காற்றுப் பம்பு நிற்பதே ஆபத்து. இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதனைப் பம்புக்கே இணைக்க வேண்டும். இல்லாதவர்கள் பாட்டரியால் இயங்கும் சிறு பம்பு ஒன்றைத் தயாராய் வைத்துக்கொள்ளுக. மழைக்காலத்தில் மின்தடை நீடிக்கும் மலையூர்களில் இது மிகவும் முக்கியம்.

ஆகவே புதிதாய்த் தொடங்குவோர் பெரிய விளக்குக்கென ஒதுக்கிய தொகையை நல்ல உப்புக் கலவைக்கும், சோதனை மருந்துக்கும், உபரிப் பம்புக்கும் செலவிடுவார்களாக. 20 வாட் விளக்கின் கீழ் ஒரு ஜோடிக் கோமாளி மீனை ஓராண்டு நோயின்றிக் காத்தவரே, அடுத்த மீனையும் அடுத்த தொட்டியையும் பற்றி யோசிக்கத் தகுதியுடையவராவர்.