முதல் ரவுண்டில் தோத்தா கதை முடிஞ்சுதா? போக்கிமான் போட்டிகள் எப்படி நடக்கின்றன?

மண்டைக்காட்டில் மாசிக் கொடை நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். பகவதி அம்மன் கோயில் பக்கம் தெருவே தெரியாத அளவுக்குக் கூட்டம். இருமுடியோடு வந்த பெண்கள், வளையல் கடைகள், விடாமல் பாடும் ஒலிபெருக்கி. சித்தி வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒருத்தன் உம்மென்று உட்கார்ந்திருந்தான். காலேஜ் முதல் வருஷம் படிக்கும் சித்தி பையன்.

"என்ன டே ஆச்சு?"

"தோத்துட்டேன் எக்கா. மொத ரவுண்டுலயே."

ஆன்லைனில் யாரோ சிலர் சேர்ந்து நடத்திய சின்ன போக்கிமான் டோர்னமென்ட். 32 பேர், நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. தோற்ற கடுப்பில் 'டிராப்' பட்டனை அழுத்தி வெளியே வந்துவிட்டான். எந்த ஃபார்மட் என்று கேட்டேன். "ஸ்விஸ்ஸோ என்னமோ போட்டிருந்துது."

அப்படியென்றால் அவனுக்கு இன்னும் நாலு ரவுண்டு மிச்சம் இருந்தது. அந்த நாலையும் ஜெயித்திருந்தால் கடைசி எட்டுப் பேரில் அவனும் நிச்சயம் ஒருத்தன். அதைச் சொன்னதும் பையன் முகம் போன போக்கு இருக்கே!

இவனை மாதிரி நிறைய பேர் ஆட்டத்தை நல்லா கத்துக்கிறாங்க, போட்டியின் விதிகளைப் படிக்கிறதே இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

ஆறு பேர் வருவாங்க, நாலு பேர்தான் இறங்குவாங்க

சின்ன வயசில் டிவியில் பிக்காச்சு பார்த்தவர்களுக்கு நினைவில் இருப்பது ஒருத்தர் எதிரே ஒருத்தர் நிற்கும் சண்டை. தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் தண்ணீரைக் குடிக்கும். இப்படி மொத்தம் 18 வகைகள். அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டால் ஆட்டம் வந்துவிடும் என்று தோன்றும். வராது.

அதிகாரப்பூர்வ வீடியோ கேம் போட்டி 'விஜிசி' என்று அழைக்கப்படுகிறது. 2009 முதல் இதற்கு உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. இங்கே நடப்பது டபுள்ஸ். ஒரே நேரத்தில் உங்க பக்கம் இரண்டு, எதிராளி பக்கம் இரண்டு. ஆறு போக்கிமான் கொண்ட அணியோடு வருவீர்கள். எதிராளியின் ஆறையும் திரையில் பார்த்த பிறகு, உங்கள் ஆறில் நாலை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாலில் முதலில் இறங்கும் இரண்டு எது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். இதற்கு 90 வினாடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறில் நாலைத் தேர்ந்தெடுக்க 15 வழி. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேரை இறக்க 6 வழி. ஆக 90 தொடக்கங்கள். எதிராளிக்கும் 90. தலைவலி தீர மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் படைப்பது எங்க ஊர் வழக்கம். இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் ரெண்டு சேர்த்தே படைக்கலாம்.

செஸ்ஸிலிருந்து இது வேறுபடும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. இங்கே 'நீ ஒரு மூவ், நான் ஒரு மூவ்' கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல் கட்டளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகுதான் நாலு போக்கிமானும் வேகத்தின் வரிசையில் அதை நிறைவேற்றும்.

'ப்ரொடெக்ட்' என்று ஒரு மூவ் இருக்கிறது. அந்த டர்னில் உங்கள் மேல் விழும் தாக்குதல் எல்லாவற்றையும் தடுத்துவிடும். உங்கள் முக்கியமான ஆளை எதிராளி இரண்டு பேரையும் வைத்து அடிக்கப் போகிறார் என்று தெரிகிறது. ப்ரொடெக்ட் போட்டால் அவருடைய இரண்டு அடியும் வீண். ஆனால் நீங்கள் அதைத்தான் போடுவீர்கள் என்று அவர் யூகித்தால், பக்கத்தில் நிற்கும் உங்கள் இன்னொரு ஆளை அடித்துச் சாய்ப்பார். அவர் அப்படி யூகிப்பார் என்று நீங்கள் யூகித்தால், ப்ரொடெக்ட்டை விட்டுவிட்டு நேராகத் தாக்கலாம். தொடர்ந்து இரண்டாவது தடவை போட்டால் ப்ரொடெக்ட் வேலை செய்யும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். அதனால் அதையே நம்பி ஒளிந்துகொண்டும் இருக்க முடியாது.

வேகத்திலும் இதே கதை. 'டெயில்விண்ட்' போட்டால் நாலு டர்னுக்கு உங்கள் அணியின் வேகம் இரட்டிப்பாகும். 'ட்ரிக் ரூம்' போட்டால் வரிசையே தலைகீழ், மெதுவானவர் முதலில் அடிப்பார். ஆமை மாதிரி நகரும் ஆளை வைத்துக்கொண்டு ஜெயிப்பது இப்படித்தான்.

அணில் ஜெயித்த கதை

டபுள்ஸ் என்றால் என்ன என்று புரிய 2014-ஐப் பார்த்தால் போதும். வாஷிங்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை வென்றவர் தென் கொரியாவின் செ ஜுன் பார்க். அவர் அணியில் பச்சிரிசு என்ற ஒரு குட்டி அணில் போக்கிமான் இருந்தது. அதன் தாக்குதல் சக்தி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போட்டிகளில் யாரும் அதைச் சீண்டுவதே அரிது.

ஆனால் அதனிடம் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று 'ஃபாலோ மீ'. அதைப் போட்டால் அந்த டர்னில் எதிராளி ஒருவரைக் குறிவைத்து விடும் தாக்குதல்கள் எல்லாம் அணில் பக்கம் திரும்பிவிடும். இரண்டாவது, 'வோல்ட் அப்சார்ப்' என்ற இயல்பு. மின்சாரம் பட்டால் அதற்கு அடி விழாது, மாறாக இழந்த உடல்நலம் திரும்பக் கிடைக்கும்.

அதே அணியில் இருந்த கியாரடோஸ் நீரும் பறத்தலும் கலந்த வகை. சாதாரண நிலையில் அதன் மேல் மின்சாரம் பட்டால் நாலு மடங்கு சேதம். எந்த எதிராளியும் அதை மின்சாரத்தால்தான் அடிக்க நினைப்பார். அடித்தால் பக்கத்தில் நிற்கும் அணில் அதை வாங்கிக் குடித்துவிட்டுத் தெம்பாக நிற்கும். அடிக்காவிட்டால் கியாரடோஸ் தன் வேலையைப் பார்க்கும். தனியாக நின்றால் தேறாத ஒரு ஆள், சரியான ஜோடியோடு நின்றதும் உலகப் பட்டத்துக்கு உதவியது.

அதற்காக எல்லாரும் போய் அணிலைப் பிடித்துக்கொண்டு வந்தால் தோற்பார்கள். அந்த வருஷத்தில் மற்றவர்கள் எதைக் கொண்டு வருவார்கள் என்று கணித்து, அதற்கு எதிராகச் செய்த தேர்வு அது. இப்போது எந்தெந்த போக்கிமானுக்கு அனுமதி என்பதைச் சொல்லும் 'ரெகுலேஷன்' சில மாதங்களுக்கு ஒரு முறை மாறுகிறது. போன சீசனின் பலமான அணி, இந்த சீசனில் செல்லாமலே போகலாம்.

லக் எவ்வளவு?

நிறையவே இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஒரே தாக்குதல் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு அடிக்காது. 85 முதல் 100 சதவீதம் வரை 16 படிகளில் ஏதோ ஒன்று விழும். 24-ல் ஒரு தடவை 'கிரிட்டிக்கல்' அடி வரும். 90 சதவீதம் படக்கூடிய மூவ் முக்கியமான நேரத்தில் படாமல் போகும். (போகும். எனக்குப் போயிருக்கிறது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.)

இங்கேதான் போட்டி அமைப்பு உள்ளே வருகிறது. ஒரு ஆட்டத்தில் எதிராளியை நீங்கள் ஜெயிக்க 60 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்றால் உங்கள் வாய்ப்பு 64.8 சதவீதமாகக் கூடும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஐந்து ரவுண்டைத் தொடர்ந்து ஜெயிக்க வேண்டிய நாக் அவுட்டில் முதல் வகை உங்களுக்குத் தருவது 7.8 சதவீதம், இரண்டாவது தருவது 11.4 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

மூன்று ஆட்டம் என்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் எதிராளியின் பழக்கம் தெரிந்துவிடும். பயந்தால் ப்ரொடெக்ட் போடுகிறவரா, துணிந்து அடிக்கிறவரா? இரண்டாவது ஆட்டத்தில் அதை வைத்து ஆடலாம்.

2023 சீசனிலிருந்து பெரிய நேரடிப் போட்டிகளில் 'ஓப்பன் டீம் ஷீட்' வந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே எதிராளியின் ஒவ்வொரு போக்கிமானும் என்ன மூவ் வைத்திருக்கிறது, கையில் என்ன பொருள், இயல்பு என்ன என்பதெல்லாம் தாளில் உங்கள் கைக்கு வந்துவிடும். வேகம், பலம் போன்ற எண்களை எப்படிப் பிரித்திருக்கிறார் என்பது மட்டும் ரகசியம். யாரும் எதிர்பார்க்காத மூவை மறைத்து வைத்து அதிர்ச்சி கொடுக்கும் சந்தோஷம் போய்விட்டது என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. நண்பர் கூட்டத்தோடு வருகிறவருக்கு எதிராளியைப் பற்றிய துப்பு எப்படியும் கிடைத்துவிடும். தனியாக வருகிறவருக்கும் அது கிடைக்க வேண்டாமா?

ஸ்விஸ்: மாமல்லபுரத்தில் பார்த்ததுதான்

1895-ல் சூரிச்சில் நடந்த செஸ் போட்டியில் முதலில் பயன்பட்டதால் இந்தப் பெயர். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடும் 11 ரவுண்டு ஸ்விஸ்தான். குகேஷ், பிரக்ஞானந்தா ஆடிய இந்திய 'பி' அணி, ஆறாவது ரவுண்டில் ஆர்மீனியாவிடம் தோற்றது. நாக் அவுட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார்கள். ஸ்விஸ் என்பதால் தொடர்ந்து ஆடி வெண்கலம் வாங்கினார்கள்.

விதி எளிது. யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் உங்களுக்குச் சமமான வெற்றி-தோல்விக் கணக்கு உள்ளவரோடு மோதுவீர்கள். ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு.

தம்பியின் போட்டியையே எடுத்துக்கொள்வோம். 32 பேர், 5 ரவுண்டு. யாரும் நடுவில் விலகாவிட்டால் முடிவில் ஐந்தும் ஜெயித்தவர் ஒருத்தர். நாலு ஜெயித்து ஒன்று தோற்றவர்கள் 5 பேர். மூன்று ஜெயித்து இரண்டு தோற்றவர்கள் 10 பேர். அடுத்த கட்டமான 'டாப் கட்'டுக்குப் போவது 8 பேர். முதல் ஆறு இடம் யாருக்கு என்பது தெளிவு. மிச்சம் இரண்டு இடத்துக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். டாப் கட் தொடங்கியதும் நாக் அவுட், அங்கே தோற்றால் வீட்டுக்குத்தான்.

அந்தப் பத்தில் இரண்டு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? உங்களோடு ஆடிய எதிராளிகள் மொத்தமாக எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். பலமானவர்களோடு மோதியவருக்கு முன்னுரிமை. இதை வீரர்கள் 'ரெசிஸ்டன்ஸ்' என்பார்கள். உங்கள் இடம், நீங்கள் பார்த்தே இராத மேஜைகளிலும் முடிவாகிறது என்று அர்த்தம். முதல் ரவுண்டில் உங்களைத் தோற்கடித்தவர் மேலே போகப் போக உங்களுக்கும் லாபம். அவருக்கே கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் ஸ்விஸ்ஸுக்கு வேண்டியது நிதானமான அணி. பத்தில் ஏழு பேரை அடித்து நொறுக்கி, மூன்று பேரிடம் படுதோல்வி அடையும் விசித்திரமான அணி, இரண்டு தோல்விக்குள் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

போன் மட்டும் இருந்தால் போதுமா?

பழகுவதற்குப் போதும். 'போக்கிமான் ஷோடவுன்' என்ற இலவச தளம் பிரவுசரிலேயே ஓடும். தம்பி கற்றுக்கொண்டது அதில்தான். ஒரு மூவுக்கு இத்தனை வினாடி என்று கெடு இருப்பதால், கொடை நாளில் டவர் படுத்துவிட்டால் எதிராளி தேவையில்லை, டைமரே தோற்கடித்துவிடும்.

அதிகாரப்பூர்வ விஜிசி-க்கு 2025-ல் நின்டெண்டோ ஸ்விட்ச்சும் அதற்கான கேமும் வேண்டியிருந்தது. மண்டைக்காட்டில் ஒரு மாணவனுக்கு அது சின்னச் செலவு இல்லை. போனிலேயே ஆடும் 'போக்கிமான் கோ' 2022 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் இருக்கிறது. அதில் ஆறில் மூன்று பேரை இறக்க வேண்டும். அமைப்பு டபுள் எலிமினேஷன், இரண்டாவது தோல்வியில் வெளியே. ஆனால் நடந்து நடந்து பிடிக்க வேண்டிய விளையாட்டு அது. நகரத்துக்காரருக்குக் கிடைப்பது கிராமத்தில் கிடைக்காது.

2025 பிப்ரவரியில் போக்கிமான் நிறுவனம் 'போக்கிமான் சாம்பியன்ஸ்' என்ற கேமை அறிவித்தது. முழுக்க முழுக்க சண்டைக்கானது, ஸ்விட்ச்சோடு மொபைலுக்கும் சேர்த்து. விஜிசி இனி அதற்கு மாறும் என்றும் சொன்னது. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு இந்த அறிவிப்பில் முக்கியமான வார்த்தை 'மொபைல்'.

நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது சித்தி எட்டிப் பார்த்தார். "இதும் அந்த ரம்மி மாதிரியா மக்ளே?"

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளால் உயிர்களே போயிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து தனியாகப் பிரித்தது. போட்டியில் பங்கேற்க நுழைவுக் கட்டணம் இருக்கலாம், திறமைக்குப் பரிசு இருக்கலாம், முடிவின் மேல் பந்தயம் கட்டக்கூடாது. சித்திக்குச் சுருக்கமாகச் சொன்னேன்: "பைசா வச்சு ஆடினா ரம்மி. இதுல பைசா இல்ல சித்தி." நேரம் போகிறதே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த மாசம் அதே மாதிரி இன்னொரு 32 பேர் போட்டியில் தம்பி சேர்ந்தான். முதல் ரவுண்டில் ஜெயித்தான், இரண்டாவதில் தோற்றான், இந்தத் தடவை டிராப் பண்ணவில்லை. முடிவில் மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. ரெசிஸ்டன்ஸ் கணக்கில் பதினொன்றாவது இடம், டாப் கட் இல்லை. ஏன் இவ்வளவு கீழே என்று பட்டியலைத் திறந்து பார்த்தோம். முதல் ரவுண்டில் அவனிடம் தோற்றவர், அடுத்த நிமிஷமே டிராப் பண்ணிவிட்டுப் போயிருந்தார்.